பொட்டு வைக்கும் முன் பெட்டியைத் திறப்போம்

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் ஆவடியும் பட்டாபிராமும் கடந்து, நெமிலிச்சேரி, திருநின்றவூருக்கு அடுத்து வருவது வேப்பம்பட்டு. வயலும் ஏரியுமாக இருந்த இந்தப் பகுதி மனைப்பிரிவுகளாக மாறியபோது, வீடுகள் வந்த வேகத்துக்குத் தார்ச்சாலைகள் வரவில்லை. ஏதாவது ஒரு தெருவில் எப்போதும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எம்-சாண்டும் ஜல்லியும் வாசலோரம் குவிந்து கிடக்கும். தண்ணீர் லாரி ஒன்று மண் தெருவில் போனால் போதும், காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். மேசைமேல் படிவது கண்ணில் படுகிறது, துடைத்துவிடுகிறோம். அந்த மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் படிவது கண்ணில் படுவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு, வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கு, கடைக் கணக்குக்கு, ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையின் பிரின்ட்டுக்கு என்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அந்தப் பெட்டி பெரும்பாலும் ஒரு முறைகூடத் திறக்கப்படாமலே இருக்கிறது.

அதை வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. பழுதாகும் வரை தொடவே கூடாது என்று இருந்துவிட்டு, பழுதானபின் மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள் ஒரு வகை. பெட்டியை வண்டியில் வைத்துப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரால் ஒரே அடியாக ஊதித் தள்ளிவிடுபவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் தூசியை வெறும் அழுக்காகவே பார்க்கிறார்கள்: முதல் வகைக்கு அது பொருட்படுத்த வேண்டாத அழுக்கு, இரண்டாவது வகைக்கு எப்படியாவது போக வேண்டிய அழுக்கு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தூசி அழுக்காக இருப்பதால் கெடுதல் செய்வதில்லை. அது வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த இரண்டு வழியில்தான் அது இயந்திரத்தைப் பாதிக்கிறது. நம் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பருவம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எப்போது சுத்தம் செய்ய வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

உள்ளே போவது என்ன?

வீட்டுத் தூசி என்பது ஒரே பொருள் இல்லை. தெரு மண், சிமென்ட், துணியிலிருந்து உதிரும் பஞ்சு இழை, நம் தோலிலிருந்து உதிரும் செதில், தலைமுடி, தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, ஊதுபத்திச் சாம்பல், முகப் பவுடர், விபூதி எல்லாம் அதில் உண்டு. ஏரிப்பக்கத்து ஊர்களில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: கொசுவர்த்திச் சுருள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கண்டறிந்தது. மூச்சுக்குழாய்க்கு அது என்ன செய்யும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இந்தப் புகைத்துகளும் சமையல் எண்ணெய்ப் படலமும் பசைபோல் வேலை செய்கின்றன. வெறும் மண் தூசி ஊதினால் பறந்துவிடும். எண்ணெயும் புகையும் சேர்ந்த தூசி கறுத்துப் படலமாக ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இது உள்ளே போவதற்குக் காரணம் அந்தப் பெட்டியின் அமைப்புதான். மேசைக் கம்ப்யூட்டர் காற்றால் குளிர்விக்கப்படும் இயந்திரம். முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ அறைக்காற்றை உள்ளே இழுத்து, பிராசஸர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கின் உலோகத் தகடுகளுக்கு இடையே செலுத்தி, சூடான காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. ஓடும் நேரமெல்லாம் அறையின் காற்று அதன் வழியே போய்வருகிறது. காற்று வெளியேறிவிட, அதிலிருந்த தூசியில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் பெட்டி தரையில் இருக்கிறது. பெருக்கும்போது எழும்பும் தூசியும், நடக்கும்போது கிளம்பும் பஞ்சும் மிக அடர்த்தியாக இருக்கும் இடம் அதுதான். மிக அதிகமாகத் தூசி சேரும் இடங்களும் அநேகமாக எல்லாப் பெட்டியிலும் ஒன்றே: முன்பக்க வலை, பிராசஸர் விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே உள்ள இடுக்கு, கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் விசிறி, மெக்கானிக்குகள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் மின்வழங்கிப் பெட்டி. விசிறிக்கு அடியில் கம்பளித்துண்டு போலப் படிந்திருப்பதை விசிறியைக் கழற்றாமல் பார்க்க முடியாது. அதனால்தான் மேலோட்டமாகத் திறந்து பார்த்துவிட்டு, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துபோகிறோம்.

கோடையில் வெப்பம்

முதல் பாதிப்பு வெப்பம். ஹீட் சிங்க் வேலை செய்வது ஓர் எளிய விதியின்படி: அறைக்காற்றைவிட எவ்வளவு டிகிரி அதிகமாகச் சூடாகிறதோ, அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் அது வெப்பத்தை இறக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு வேலையில் ஒரு பிராசஸர், அறையின் வெப்பநிலையைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் அது 60 டிகிரியில் நிற்கும். மே மாதத்து வேப்பம்பட்டில், காங்கிரீட் கூரைக்குக் கீழே, ஏ.சி. இல்லாத அறை 38 டிகிரி என்றால், அதே இயந்திரம் 78-இல் நிற்கும். இப்போது தகடுகளுக்கு இடையே தூசி அடைத்து, அந்த 40 டிகிரி வித்தியாசம் 60 ஆகிறது என்று கொள்ளுங்கள். குளிர்நாட்டுக்காரருக்கு 80 டிகிரி. அவர் எதையும் கவனிக்கக்கூட மாட்டார். நமக்கு 98 டிகிரி. பல பிராசஸர்களுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரே அளவு தூசிதான். அங்கே அலட்சியப்படுத்தலாம், இங்கே முடியாது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் சொல்லும் கால இடைவெளியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எல்லையை நெருங்கும்போது பிராசஸர் உடனே எரிந்துபோவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். வீட்டில் நாம் சொல்லும் புகார் வேறு மாதிரி இருக்கும்: ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு’, ‘அடிக்கடி ஹேங் ஆகுது’, ‘விசிறி சத்தம் தாங்கலை’, ‘தானா ரீஸ்டார்ட் ஆகுது’. உடனே வைரஸ் என்றும், ராம் போதவில்லை என்றும், விண்டோஸ் மாற்ற வேண்டும் என்றும் செலவுக்கு வழி தேடுகிறோம். இந்த அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் காலையில் ஒழுங்காக ஓடி, பிற்பகலில் மட்டும் தடுமாறும் கம்ப்யூட்டர், மென்பொருளைவிட முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகிக்கச் சொல்கிறது. அதைச் சரிபார்க்கப் பணம் செலவில்லை: திறந்து பார்த்தால் போதும்.

வெப்பத்தால் மெதுவாகத் தேய்வது மின்தேக்கிகள். மதர்போர்டிலும் மின்வழங்கியிலும் சின்ன உருளைகளாக நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது வேகமாக வற்றும். பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி, 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது. திருப்பிப் படித்தால், 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. கபாசிட்டரின் தலை உப்பிவிட்டது என்று மெக்கானிக் ஒருநாள் காட்டும்போது, பல கோடைக்காலங்களின் சூட்டுக்கும் அதில் பங்கிருக்கும்.

மழைக்காலத்தில் ஈரம்

இரண்டாவது பாதிப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உலர்ந்த தூசி பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தூசிக்குள் உப்புகள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் அடுப்படி உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டியதும், உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடுகிறது. கறியுப்புக்கு அந்த எல்லை சுமார் 75 சதவீத ஈரப்பதம். நகரத்துக் காற்றின் நுண்துகள்களில் காணப்படும் அம்மோனியம் சல்பேட்டுக்குச் சுமார் 80, அம்மோனியம் நைட்ரேட்டுக்குச் சுமார் 62. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைப் பக்கத்தில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அப்போது மதர்போர்டின் மீது இருக்கும் உப்புத் தூசி மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப் படலமாகிறது. கம்பிகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உள்ள இடங்களில் இது சிறு கசிவையும், நாளடைவில் செப்பின் மீது பச்சைக் களிம்பையும் உண்டாக்கும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கட்டடங்களின் குளிரூட்டலுக்கு விதிமுறை வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, 2011-இல் தரவு மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பாலான தூசியால் கருவிகளுக்குக் கேடில்லை என்றே சொல்கிறது. கந்தகமும் குளோரினும் கலந்த உப்புகள் அதிகமுள்ள தூசிதான் கேடு. தூசி நீர் கோக்கும் எல்லை 60 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று அது அளவும் குறிக்கிறது. ஆனால் தரவு மையம் என்பது ஆண்டு முழுக்க ஏ.சி. ஓடி, ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்படும் இடம். ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில், 60 என்ன, 80-ஐத் தாண்டும் நாட்கள் வரிசையாக வருகின்றன. அங்கே விதிவிலக்காக நடப்பது இங்கே ஒவ்வோர் ஆண்டும் நடக்க வாய்ப்பிருக்கிறது.

இதில் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயமும் உண்டு. மழைக்காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைவிட அணைத்து வைத்த கம்ப்யூட்டருக்குத்தான் ஆபத்து அதிகம். 27 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவியின் அளவு மாறாமலே, ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஓடும் பெட்டிக்குள் இயல்பாகவே இந்தச் சூடு இருக்கிறது. அதனால் உள்ளே உலர்வாக இருக்கும். மழைக்குப் பயந்து பத்து நாள் அணைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால், ஈரம் உள்ளேயே தங்கித் தூசியில் ஊறும். பிறகு ஒருநாள் சுவிட்சைப் போடும்போது ‘நல்லாத்தானே இருந்துச்சு’ என்று திகைக்கிறோம். இடி இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட விடுவது நல்லது. வெள்ளநீர் வீட்டுக்குள் வந்து பெட்டியைத் தொட்டிருந்தால் மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அப்போது சுவிட்சைத் தொடாமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

எப்போது திறப்பது?

மேலே சொன்ன இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு இரண்டு முறை என்ற கணக்கு கிடைக்கிறது. போகிப் புகையும் பனிக்காலத் தூசியும் அடங்கியபின், வெயில் ஏறுவதற்கு முன், மாசி வாக்கில் ஒரு முறை. கோடை முழுவதும் சேர்ந்த மண்ணை, பருவமழை தொடங்கும் முன் வெளியேற்ற இன்னொரு முறை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. நம் நாட்காட்டியில் அதற்குச் சற்று முன்னால் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது: ஆயுத பூஜை. 2024-இல் அது அக்டோபர் 11 அன்று வந்தது. 2025-இல் அக்டோபர் 1. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை எல்லா இயந்திரத்தையும் கழுவித் துடைத்து நிறுத்தும் நாள் அது. கம்ப்யூட்டருக்கும் அன்று மரியாதை உண்டு. ஆனால் லேத்தை எண்ணெய் போட்டுத் துடைக்கும் பட்டறையில்கூட, கம்ப்யூட்டரை மட்டும் ஈரத்துணியால் வெளியே துடைத்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாம்பிராணி காட்டுவதோடு முடித்துக்கொள்கிறோம். பூஜை நடக்கட்டும், பொட்டு வைக்கும் முன் பெட்டியைத் திறந்துவிட வேண்டும் என்பதே கோரிக்கை. பொட்டைக் காற்றுத் துளைகள் இல்லாத பக்கத்தில் வைத்து, சாம்பிராணி காட்டும் நேரம் இயந்திரத்தை அணைத்து வைத்தால், விசிறி அந்தப் புகையையும் பொடியையும் உள்ளே இழுக்காது.

அப்படியானால் மாதாமாதம் திறந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு வயர் தளர்வதற்கும், ஒரு பிளக் முழுதாக உட்காராமல் போவதற்கும், ஒரு ஸ்க்ரூ மதர்போர்டு மேல் விழுவதற்கும் வாய்ப்பிருக்கிறது. முன்பக்க வலையை மட்டும் மாதம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் துடைப்பது போதும். கட்டடப்பணி நடக்கும் தெருவிலோ, நாய் பூனை வளரும் வீட்டிலோ இருந்தால் ஆண்டுக்கு மூன்று முறை, மேல்மாடியில் ஏ.சி. அறையில் இருந்தால் ஒரு முறைகூடப் போதலாம். பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, விசிறி இறக்கைகளின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால் முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் மின்சாரம். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில், பிளக் சொருகியிருக்கும் வரை, அணைத்த நிலையிலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். யு.பி.எஸ்.ஸை அணைத்து, பெட்டியின் பின்பக்க வயரையே உருவிவிட வேண்டும். பிறகு முன்பக்க ஸ்டார்ட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மீதமிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். மானிட்டர், கீபோர்டு, நெட் கேபிள் எல்லாவற்றையும் கழற்றும் முன் பின்பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பிறகு திரும்ப மாட்டும்போது உதவும். பெட்டியை வராந்தாவுக்கோ மொட்டை மாடியின் நிழலுக்கோ கொண்டுபோங்கள். மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம். இத்தனை நேரம் பட்டியலிட்ட எல்லாமும் பறக்கப்போகிறது.

முன்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலும் இடப்பக்கத் தகடுதான் திறக்கும். பின்னால் இரண்டு ஸ்க்ரூ. திறந்ததும் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். வேலை நடுவிலும் அவ்வப்போது தொடுங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அப்படி வடிந்துவிடும். இந்த நிலைமின் பயம் நம் ஊருக்குத் தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துறை நூல்களில் வழக்கமாகத் தரப்படும் அட்டவணைப்படி, வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை சேரலாம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது 1,500 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். டைல்ஸ் தரையும் வியர்க்கும் காற்றும் உள்ள நமக்கு அபாயம் குறைவு என்பது சரி. ஆனால் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே நம் தோலுக்கு எதுவும் தெரியாது. சில சில்லுகளுக்கு 100 வோல்ட்டே கேடு செய்யப் போதும். ஷாக் அடிக்கவில்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. ஏ.சி. அறையில் காற்று வறண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு நொடி உலோகத்தைத் தொடுவது கூடுதல் வேலையே இல்லை.

அடுத்தது கருவி. புதிதாக வாங்கிய, வர்ணம் தொடாத ஒன்றரை அங்குல பெயின்ட் பிரஷ்ஷும், ரிச்சி தெருவிலும் ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும் மின்சார ப்ளோயரும் போதும். எங்கே படலமாக ஒட்டியிருக்கிறதோ அங்கே முதலில் பிரஷ்ஷால் தளர்த்தி, பிறகு ஊத வேண்டும். ப்ளோயரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றைச் செலுத்துங்கள். ஊதும்போது ஒவ்வொரு விசிறியையும் ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்வது இதில் மிக முக்கியமானது. ப்ளோயரின் வேகத்தில் விசிறியைச் சுழல விட்டால் அதற்கென வகுத்த வேகத்தைவிடப் பல மடங்கு சுற்றி பேரிங் தேய்ந்துவிடும்; மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் அது ஜெனரேட்டர் ஆகிவிடுவதால் போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். விசிறி ராட்டினமாய்ச் சுற்றுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், இயந்திரத்துக்கு நல்லதில்லை.

பஞ்சர் கடைக் கம்ப்ரெஸர் ஏன் கூடாது? அழுத்தம் அதிகம் என்பது ஒரு காரணம். சின்ன பாகங்களும் வயர் முனைகளும் பிய்ந்துபோகலாம். அதைவிட முக்கியமானது, காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி நீராகத் தொட்டியில் தேங்குகிறது. டயருக்கு அது தொந்தரவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஊதும்போது அந்த நீர்த்துளியும் இயந்திரத்தின் எண்ணெய்த்துளியும் சேர்ந்தே போகின்றன; தூசியை எடுக்கப்போய், ஈரமும் பசையும் பூசிவிட்டு வருகிறோம். வீட்டு வாக்யூம் கிளீனர் வேறு காரணத்துக்காக வேண்டாம்: அதன் பிளாஸ்டிக் முனையில் தூசி உரசிப் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. தரையில் விழுந்த தூசியை எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். டப்பாவில் அடைத்து விற்கும் ‘காற்று’ என்பது பெரும்பாலும் காற்றே இல்லை, திரவமாக அழுத்திய ஒரு வாயு, சிலவகை தீப்பற்றும். டப்பாவைச் சாய்த்தால் உறையும் குளிரில் திரவமாகவே கொட்டும். பயன்படுத்துவதானால் நிமிர்த்திப் பிடித்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் மட்டும். ஈரத்துணி, கொலின், சோப்பு நீர் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஒட்டிய எண்ணெய்ப் படலத்தை விசிறி இறக்கையிலிருந்து எடுக்க, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்த பஞ்சு போதும். அது முழுதாக உலர்ந்தபின்தான் மின்சாரம்.

தொடக்கூடாத எல்லை ஒன்று இருக்கிறது. மின்வழங்கிப் பெட்டியை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸை, எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். வீட்டின் 230 வோல்ட் அதற்குள் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி, பெரிய கபாசிட்டரில் தங்குகிறது. பிளக்கை உருவியபிறகும் அது உடனே வடிந்துவிடும் என்று நம்ப முடியாது. வெளியிலிருந்து அதன் வலை வழியாக ஊதினால் வருவது வரட்டும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் அடியிலுள்ள தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். பழக்கமில்லாதவர்கள் விசிறியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ராம் பட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது நம் பக்கத்தில் பழகிப்போன வைத்தியம். பழுது ஏதும் இல்லாதபோது அது தேவையில்லை; மீண்டும் மீண்டும் தேய்த்தால் தங்கப் பூச்சுதான் போகும்.

சில இடங்களின் தூசிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் டோனர் பொடி கொட்டியிருந்தால் ஊதக்கூடாது. அவ்வளவு நுண்ணிய பொடி அறை முழுதும் பரவி மூச்சில் ஏறும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மற்றதை ஊத வேண்டும். பட்டறையில் வரைபடத்துக்கும் கணக்குக்கும் ஓடும் கம்ப்யூட்டருக்குள் படிவது இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் கலந்தது. அது மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும், ஈரம்கூடத் தேவையில்லை. அங்கே கம்ப்யூட்டர் தடுப்புக்கு அப்பால் தனி அறையில் இருக்க வேண்டும், சுத்தமும் மாதக் கணக்கில் நடக்க வேண்டும். பல்லியும் கரப்பானும் பின்பக்கத்தின் மூடாத ஓட்டைகள் வழியே புகும். கார்டு எடுத்த இடத்துத் தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதமிருக்கும் கேள்விகள்

‘எங்கள் கம்ப்யூட்டர் பத்து வருஷமாகத் திறக்காமலே ஓடுகிறது’ என்பார்கள். ஓடலாம். ஆஷ்ரே சொல்வதுபோல் எல்லாத் தூசியும் கொல்லாது. பழைய, குறைந்த சூட்டுப் பிராசஸருக்குத் தாங்கும் இடைவெளியும் அதிகம். ஆனால் அது எந்த வேகத்தில் ஓடுகிறது, விசிறி எவ்வளவு போராடுகிறது என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பழுதாகிக் கடைக்குப் போனவை பேச்சில் வருவதில்லை. ஓடிக்கொண்டிருப்பவை மட்டுமே சாட்சிக்கு வருகின்றன. ‘அதற்குத்தானே மெக்கானிக் இருக்கிறார்’ என்பது இன்னொரு பதில். உத்தரவாதக் காலம் முடியாத, ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிக்கு அது சரியான பதில்தான். மற்றவற்றுக்கு இரண்டு ஸ்க்ரூவும் ஒரு பிரஷ்ஷும் போதுமான வேலைக்காக, பெட்டியைச் சுமந்துபோய், கடையில் இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் போனாலும், விசிறியைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள் என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளராகப் போவது நல்லது.

‘உறை போட்டு மூடினால் தீர்ந்ததே’ என்பது பலருடைய தீர்வு. ஓடும்போது மூடினால் வெப்பம். ஓடாதபோது பிளாஸ்டிக்கால் மூடினால் ஈரம். பருத்தித் துணியால், இயந்திரம் ஆறிய பின், வறண்ட மாதங்களில் மூடலாம். அதைவிடப் பலன் தருவது இடமாற்றம்: தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சிறு ஸ்டூல், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, சமையலறை வாசலுக்கும் தெரு ஜன்னலுக்கும் நேரே இல்லாத மூலை. கொசுவர்த்தி கொளுத்தும் அறையில் கம்ப்யூட்டர் வேண்டாம். கொசுவலை நமக்கும் கம்ப்யூட்டருக்கும் நல்லது. கழுவி மாட்டக்கூடிய வலை வடிகட்டியை முன்பக்கத்தில் பொருத்தினால் நல்லதுதான், ஆனால் அதை மாதம் ஒரு முறை கழுவாவிட்டால், காற்றையே அடைக்கும் தகடாகிவிடும்.

எல்லோரும் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் மாறிவிட்டபோது பழைய பெட்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்வி கடைசியாக வருகிறது. மேசைக் கம்ப்யூட்டரின் பலமே இதில்தான் இருக்கிறது: சாதாரண ஆள் திறக்கலாம், துடைக்கலாம், ஒரு விசிறி போனால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டி மூடி வரும் கருவிகளில் இந்த உரிமை நம்மிடம் இல்லை. மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்ற பெயரில் மத்திய அரசு வகுத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிகள், பழைய கருவிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. ஆனால் மறுசுழற்சிக்குப் போகும் முன் ஒரு கருவி எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பது வீட்டில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. தூசி அடைத்துச் சூடாகும் கம்ப்யூட்டர் ‘பழசாகிவிட்டது’ என்ற பெயரில் குப்பைக்குப் போவதில், இயந்திரத்தின் வயதைவிட நம் அலட்சியத்துக்கே பங்கு அதிகம். மாசியில் ஒரு மணி நேரம், புரட்டாசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிளக்கை உருவி, விசிறியை விரலால் பிடித்து ஊதி, மூடி, மறுபடி ஓட விட்டால் போதும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்ற யோசனையை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.